மூஸ் மானின் உண்ணிகளும் ஆரின் லுண்ட்பியின் ராஜினாமாவும்

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

தம்பி ஆரின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஏப்ரல் மாதத்துப் பனியும் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் புது முழங்காலும், அதை ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கும் நீயும், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருக்கும் வெர்லின் அத்தானும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய ருபார்ப் ஜாம் உடையாமல் வந்தது. பாதி பாட்டிலை வாண்டா தின்றுவிட்டாள். வாண்டா யார் என்று கீழே சொல்கிறேன்.

வியாழக்கிழமை நீ போன் செய்தபோது பாதிப் பேச்சில் வைத்துவிட்டேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நீ கேட்ட கேள்வியும் அப்படிப்பட்டது அக்கா. "நாற்காலில உக்காந்து கூட்டிக் கழிக்கிற வேலைதானே, அதுக்கு ஏன்டா இப்படி மூச்சு வாங்குற?" என்றாய். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நீ. உன் பயணிகள் மூக்கு ஒழுகிக்கொண்டு ஏறினாலும் எங்கே போகிறோம் என்று தெரிந்து ஏறினார்கள். என்னிடம் வருகிறவர்கள் போகவேண்டிய இடத்துக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். மின்னஞ்சலில் இதை எழுத மனம் வரவில்லை. இந்தச் சனி ஞாயிறு எந்தத் திரையையும் பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன். கையெழுத்து புரியாவிட்டால் அத்தானைப் படிக்கச் சொல். அவர் கையெழுத்து இதைவிட மோசம் என்பதால் பழக்கம் இருக்கும்.

என் அலுவலகம் நூலகத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. கதவில் 'புள்ளியியல் உதவி மையம்' என்று எழுதியிருக்கும். மையம் என்றால் நான்தான், வேறு யாரும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினிகள் இருக்கும் அறை. அலமாரி அலமாரியாக அடுக்கி ஒன்றோடொன்று கட்டிப்போட்ட அந்தக் கணினிகளை மேய்ப்பவள்தான் வாண்டா பெல்கி. அவை சூடாகாமலிருக்க அறையை அவ்வளவு குளிராக வைத்திருப்பார்கள். ஜூலை மாதத்திலும் வாண்டா பனிக்காலக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் நடமாடுவாள். நாளொன்றுக்கு ஐந்து வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டாள். அதில் மூன்று, 'நான் மெயில் அனுப்பியிருந்தேன்' என்பதாகத்தான் இருக்கும்.

ஆராய்ச்சி செய்பவர்கள் எங்களிடம் வரவேண்டியது ஆரம்பத்தில். எத்தனை அளக்க வேண்டும், எப்படிக் குறித்துவைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். யாரும் அப்படி வருவதில்லை. மாடி வரை கட்டி முடித்து வெள்ளையும் அடித்துவிட்டு, படிக்கட்டை எங்கே வைக்கலாம் என்று இன்ஜினியரிடம் கேட்க வருவதுபோல் வருகிறார்கள். எங்கள் விண்ணப்பத்தில் 'எப்போது தேவை?' என்று ஒரு கட்டம் உண்டு. 'நேற்று' என்று எழுதிக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் தத்துவத் துறை என்பதால் விட்டுவிட்டேன்.

இப்படியிருக்க, மார்ச் முதல் வாரத்தில் பேராசிரியர் மார்கரெட் கெஸ்ஸல் படியிறங்கி வந்தார். வயது அறுபத்தேழு. செத்த மூஸ் மானின் தோலில் உண்ணி எண்ணுகிறவர். சிரிக்காதே. நெடுஞ்சாலையில் குறுக்கே நின்றால் லாரியே நின்று வழிவிடுகிற அந்த மிருகத்தை, மிளகு அளவு உண்ணிகள் ஆயிரக்கணக்கில் ஏறி இரத்தத்தை உறிஞ்சி, குளிர்காலம் முடிவதற்குள் சாய்த்துவிடுகின்றன. காட்டில் செத்துக் கிடக்கும் மூஸ்களைத் தேடிப்போய், தோலில் கைக்குட்டை அளவுக்கு நான்கு இடம் குறித்துக்கொண்டு, மண்டியிட்டு ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். வருஷத்துக்குப் பதினெட்டு மூஸ் வீதம் பத்தொன்பது வருஷம். பனி தாமதமாக விழுகிற வருஷங்களில் உண்ணி பெருகுகிறது, மூஸ் அதிகம் சாகிறது என்பது அவர் கண்டது. அது நிஜமானால், எந்த வருஷம் வேட்டைக்கு எத்தனை மூஸை விடலாம் என்று வனத்துறை முன்கூட்டியே முடிவு செய்யலாம்.

கூட வந்தவள் டெனிஸ் புஷார், அவருடைய ஆராய்ச்சி மாணவி. வயது முப்பத்தாறு, பத்து வயதில் ஒரு மகள். முன்பு கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்தவள், பாதியில் விட்டுவிட்டுப் படிக்க வந்தாள். கடந்த ஆறு வருஷத்து மூஸ்களை அறுத்ததும் எண்ணியதும் அவள்தான். வனத்துறை ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஒரே நிபந்தனை, ஏப்ரல் கடைசிக்குள் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். அந்த உண்ணிக் கணக்குதான் அவளுடைய ஆய்வேட்டுக்கு முதுகெலும்பு. விண்ணப்பத்தில் 'எப்போது தேவை?' என்ற கட்டத்தில், 'உங்களால் முடிந்தபோது, ஆனால் தயவுசெய்து' என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

கோப்பைத் திறந்தேன். அக்கா, உன் சமையலறையில் பிளாஸ்டிக் மூடிகள் போட்டுவைக்கும் இழுப்பறையை நினைத்துக்கொள். எந்த மூடி எந்த டப்பாவுக்கு என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் உண்ணி இடது பக்கக் கட்டத்தில், மறு வருஷம் வலது பக்கத்தில். சில கட்டங்களுக்கு மஞ்சள் பூசியிருந்தது. என்ன அர்த்தம் என்று கேட்டால், மஞ்சள் என்றால் சந்தேகம் என்றார் கெஸ்ஸல். பக்கத்தில் இன்னும் வெளிறிய ஒரு மஞ்சள் இருந்தது. அது டுவேனுடைய சந்தேகமாம். முன்பு அவரோடு உண்ணி எண்ணிய டுவேன் ஓய்வுபெற்று அரிசோனா போய்விட்டாராம், போன் எடுப்பதில்லையாம். காலியாக இருக்கும் கட்டங்களைப் பற்றிக் கேட்டேன்.

"உண்ணியே இல்லைன்னு அர்த்தமா, இல்ல எண்ணலைன்னு அர்த்தமா?"

"அது அந்தந்த வருஷத்தைப் பொறுத்தது" என்றார், ஏதோ நான்தான் விவரம் தெரியாமல் கேட்பதுபோல.

இதெல்லாம் கூடப் போகட்டும். மூஸ்களுக்கு எண் கொடுத்திருந்தார்கள். வருஷம், கோடு, மூஸ். அதாவது 3-12 என்று எழுதினால் மூன்றாம் வருஷத்தின் பன்னிரண்டாம் மூஸ். அட்டவணை மென்பொருள் இருக்கிறதே, அதற்கு மூஸ் தெரியாது, தேதிதான் தெரியும். 3-12ஐப் பார்த்ததும், ஓ மார்ச் பன்னிரண்டா என்று தானாக மாற்றி வைத்துக்கொண்டது. மாதம் பன்னிரண்டுதானே, இப்படி முதல் பன்னிரண்டு வருஷத்து மூஸ்கள் எல்லாம் காலண்டருக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. பத்தொன்பது வருஷமாக ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தத் தேதிகளை மறுபடி மூஸ்களாக்க நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். இரண்டு வாரம் இடுப்பொடிய உட்கார்ந்து மஞ்சளைப் பிரித்து, காலிகளைப் பிரித்து, எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணினேன். பண்ணி முடித்துப் பார்த்தால் எழுபத்திரண்டு மூஸ்கள் பட்டியலில் இரண்டிரண்டு தடவை இருக்கின்றன. ஒரு மூஸ் ஒரு தடவைதான் சாகும் என்பது எனக்கே தெரியும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினேன், அவர்களுடைய அலட்சியத்தைத் திட்டிக்கொண்டே.

அடுத்து இதை வாண்டாவின் கணினிகளில் ஓட்ட வேண்டும். சாதாரணக் கணினியில் ஓட்டினால் கிறிஸ்துமஸ் வரை ஓடும். நாற்பது கணினி வேண்டும் என்று கேட்கும் இடத்தில் டெனிஸ் பதற்றத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்து நானூறு என்று போட்டுவிட்டாள். இருப்பதே நானூறு. பல்கலைக்கழகம் முழுக்க எல்லோருடைய வேலையும் நின்று, மூஸ் மட்டும் ஓடியது. அரை மணி நேரத்தில் வேதியியல் பேராசிரியர் ஒருவர் அடித்தளத்துக்கு இறங்கி வந்து, தன்னுடைய மூலக்கூறுகள் மூன்று நாளாக வரிசையில் நின்றதாகவும் இப்போது யாரோ ஒரு மிருகம் முன்னால் புகுந்துவிட்டதாகவும் சத்தம் போட்டார். நிறுத்தி, நாற்பது என்று திருத்தி, மறுபடி ஓட்டினோம். ஐந்தாம் நாள், முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இரைச்சல் அடங்கியது. போய்ப் பார்த்தால் இருட்டில் கோட்டும் டார்ச்சுமாக நின்றுகொண்டு வாண்டா எதையோ முடுக்குகிறாள். பராமரிப்பு நாளாம்.

"பதினோரு மெயில் அனுப்பியிருந்தேன்" என்றாள்.

நான் ஒன்றுகூடப் படிக்கவில்லை. டெனிஸும் படிக்கவில்லை. கெஸ்ஸலுக்கு அவையெல்லாம் குப்பைப் பெட்டியில், மலிவு மருந்து விளம்பரங்களுக்கு நடுவில் இருந்தன. மூன்றாம் முறையாக ஓட்டினோம்.

சென்ற செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. பனிக்கும் உண்ணிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இருந்தது. இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். இந்த வேலையில் இப்படிச் சொல்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் கெஸ்ஸல் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

"பத்தொன்பது குளிர்காலம் அந்தத் தோல் மேல குனிஞ்சு கிடந்திருக்கேன்" என்றார். "நீங்க ரெண்டு வாரம் நாற்காலியில உக்காந்திருக்கீங்க. உண்ணி எப்ப ஏறும், எப்ப ஏறாதுன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியறது கணக்குல தெரியல. நான் என்ன பண்ண?"

அப்போது டெனிஸ் மெதுவாகச் சொன்னாள். "ஆரின், பதினெட்டாம் வருஷம் மூணாம் மூஸ் ரெண்டு தடவை இருக்குன்னு போட்டிருக்கீங்க. அதை நான்தான் அறுத்தேன். ஏரிக்கரையில கிடந்துச்சு. ஒண்ணுதான் கிடந்துச்சு."

"அப்ப ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க. எண்ணத் தெரிஞ்சா மட்டும் போதாதும்மா, எழுதவும் தெரியணும்" என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டேன். கெஸ்ஸல் எழுந்து நேரே டீன் அறைக்குப் போனார். டெனிஸ் படிக்கட்டு வளைவில் நின்று கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வனத்துறைக்கு என்ன பதில் எழுதுவது என்று வாண்டாவிடம் கேட்டாளாம். வாண்டாவுக்கு மெயிலைப் பற்றித்தான் தெரியும். புதன்கிழமை டீன் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கை வானிலை மாதிரி நினைக்கிறவர், நாளைக்கு மாறலாம் என்று. இன்னொரு தடவை, கொஞ்சம் அனுதாபத்தோடு பார்க்கக் கூடாதா என்று கேட்டார். முப்பத்திரண்டு வருஷமாக இதைத்தான் கேட்கிறார்கள் அக்கா. அனுதாபத்தோடு பார்த்தால் நாலும் மூணும் எட்டாகிவிடுமா? கையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டு வந்தேன், நான் பார்த்தது பார்த்ததுதான் என்று. அடுத்த நாள் பேராசிரியர்கள் உணவறையில் தட்டோடு போய் உட்கார்ந்தேன். எதிரில் இருந்த உயிரியல் துறைக்காரர்கள் நான்கு பேரும் ஒரே சமயத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். அன்று மாலைதான் நீ போன் செய்தது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். ராஜினாமாக் கடிதம் எழுதி உறையில் போட்டாயிற்று. திங்கள் காலை டீன் கையில் கொடுத்துவிடுவேன். அவனவன் அலட்சியமாக எழுதிக்கொண்டு வருவானாம், நான் சொன்னால் நான் கல்நெஞ்சனாம். அவர்கள் தப்புக்கு நான் ஏன் கெட்ட பெயர் வாங்க வேண்டும்? மே மாதம் அங்கே வந்து உங்களோடு ஒரு மாதம் இருக்கப் போகிறேன். உன் வீட்டுக் கொட்டகைக் கூரையை மாற்றித் தருகிறேன். எந்தக் கூரைப் பலகையும் 'நேற்று வேண்டும்' என்று கேட்காது.

அத்தானுக்கு என் வணக்கமும், அவர் வழி சொல்லாமல் இருக்கும் கொஞ்ச நேரத்துக்கு என் நன்றியும். முழங்காலுக்குச் சொன்ன பயிற்சியைத் தவறாமல் செய். மருத்துவமனைக்காரப் பெண் பத்துத் தடவை என்றால் பத்துத் தடவை, நீ உன் இஷ்டத்துக்கு ஏழோடு நிறுத்தாதே. உன் உடம்பும் மனமும் இந்த வசந்தத்தில் நன்றாகத் தளிர்க்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அன்புத் தம்பி,
ஆரின் லுண்ட்பி

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிய இந்தக் கடிதம் மூன்று வாரமாக என் கோட்டுப் பையிலேயே இருந்திருக்கிறது. மேலே எழுதியதை நீ படித்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடு. கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் உன்னிடம் பொய் சொன்னதுபோல் ஆகிவிடும்.

அந்தத் திங்கட்கிழமை காலை உறையோடு போனேன். என் அறை வாசலில் டெனிஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள், சுற்றிலும் கெஸ்ஸலின் பழைய நோட்டுப் புத்தகங்கள். சனி ஞாயிறு முழுக்கக் கையாலேயே ஒவ்வொரு மூஸாக என் பட்டியலோடு ஒப்பிட்டிருக்கிறாள். நான் கதவைத் திறக்கும் வரை காத்திருந்து, இரண்டு பக்கங்களை என் மேஜைமேல் வைத்தாள்.

"நோட்டுல இது மூணாம் வருஷத்துப் பதினெட்டாம் மூஸ். உங்க பட்டியல்ல பதினெட்டாம் வருஷத்து மூணாம் மூஸா இருக்கு" என்றாள். "இது ஒண்ணு மட்டும் இல்ல."

பார்த்தவுடனே புரிந்துவிட்டது. மென்பொருள் மூஸைத் தேதியாக்கியது உண்மை. அதை மறுபடி மூஸாக்க நான் எழுதினேனே ஒரு நிரல், அதில் மாதத்தை முன்னாலும் நாளைப் பின்னாலும் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். நான் நாளை முன்னால் போட்டுவிட்டேன். மார்ச் பதினெட்டு, 18-3 ஆகிவிட்டது. முதல் பன்னிரண்டு வருஷத்து மூஸ்களில் பெரும்பாலானவை வேறு வருஷத்துப் பனியில் போய் நின்றுவிட்டன. எழுபத்திரண்டு மூஸ்கள் இரண்டு தடவை செத்தது அவர்கள் கையெழுத்தில் அல்ல, என் நிரலில். அவர்கள் எழுதியது அத்தனையும் சரி. எழுதத் தெரியாதவன் நான்தான்.

திருத்தியது ஒரே வரி. வாண்டா ஒன்றும் கேட்காமல் வரிசையில் எங்களை முன்னால் விட்டாள், வேதியியல்காரருக்கு அவளே மெயில் எழுதினாள். சனிக்கிழமை முடிவு வந்தது. பனி தாமதமான ஒவ்வொரு வருஷமும் உண்ணி ஏறியிருக்கிறது. கெஸ்ஸல் சொன்னதைவிடத் தெளிவாகவே தெரிந்தது. திங்களன்று மாடியேறிப் போய் அவரிடம் சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "வாய்மொழித் தேர்வு அன்னைக்கு வந்து இதையே எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. டெனிஸ் மேல யாரும் சந்தேகப்படக் கூடாது" என்றார். எனக்கு ஒரு காப்பி ஊற்றிக் கொடுத்தார், சர்க்கரை இல்லாமல். அது தண்டனையா பழக்கமா என்று கேட்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை தேர்வு. தேர்வுக் குழுவில் வெளித்துறை ஆளாக உட்கார்ந்திருந்தவர் யாரென்று நினைக்கிறாய்? மூலக்கூறுக்காரர்தான். எழுந்து நின்று சொன்னேன், தப்பு என்னுடையது, நோட்டுகளில் தப்பே இல்லை, கண்டுபிடித்தது இந்தப் பெண் என்று. அவர் மிக நிதானமாக, நீங்கள் எந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மற்றவர்கள் தப்பைக் கண்டுபிடிக்கும் அலுவலகத்தில் என்றேன். அறையே சிரித்தது. டெனிஸும் சிரித்தாள், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் அவள் டாக்டர் புஷார். ஜூன் ஒன்றாம் தேதி வனத்துறையில் சேருகிறாள். மகளோடு வீடு பார்க்கப் போயிருக்கிறாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்று காலை வந்து பார்த்தால் என் அறைக்கு வெளியே பெஞ்சில் ஆறு பேர். ஒருவர் மண்ணியல் துறை, ஒருவர் செவிலியர் துறை, ஒரு பெண் இனிமேல்தான் அளக்கவே போகிறாளாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வந்திருக்கிறாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒருத்தி வந்தது இதுதான் முதல் தடவை. எனக்கு ஒன்றும் புரியாமல் வாண்டாவிடம் கேட்டேன், திடீரென்று என்ன ஆயிற்று இவர்களுக்கு என்று.

கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "இத்தனை வருஷமா நீ சரியாவே இருந்த. உன்கிட்ட வர எல்லாருக்கும் பயமா இருந்துச்சு."

கூரைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள் அக்கா. உள்ளே வரச் சொல்ல வேண்டும், அந்தப் பெண்ணை முதலில்.